ஊரடங்கு, கடன், மனசு: சென்னைக் குடிசைப் பகுதிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 கொரோனா ஊரடங்குகளில் சென்னையின் குடிசைப் பகுதிகளிலும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலும் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகள் இவை. சுய உதவிக் குழுத் தலைவிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மாநகராட்சித் தன்னார்வலர்கள், ஏரியா பையன்கள் என்று வீடு வீடாகப் போகிறவர்களை நினைத்து எழுதியது.

கேள்வி: கொரோனா எல்லாருக்கும்தானே வந்தது? குடிசைப் பகுதியைப் பற்றித் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி சென்னைக் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் சுமார் 13.4 லட்சம் பேர். கட்டட வேலை, மூட்டை தூக்குவது, மீன் விற்பது, ஆட்டோ, வீட்டு வேலை என்று அன்றன்று கிடைக்கும் காசில்தான் இங்கே பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிகிறது. 2020 மார்ச் 24 இரவோடு அந்தக் காசு நின்றது. மாநகரப் பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1 அன்றுதான்.

பஸ் நின்றது கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மக்களுக்குத் தனி அடி. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. மயிலாப்பூரில் பாத்திரம் தேய்ப்பவருக்கு பஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை. பஸ் வந்த பிறகும் "கொஞ்ச நாள் வராதேம்மா, போன் பண்றேன்" என்ற வீட்டுக்காரம்மாக்களில் எல்லாரும் போன் பண்ணிவிடவில்லை.

வடசென்னையின் கதை வேறு. ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் தொடக்கத்திலேயே தொற்று ஏறியது. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஒரே அறையில் ஐந்து பேர், பொதுக் கழிப்பறை, லாரித் தண்ணீருக்கு வரிசை என்று இருக்கிற இடத்தில் "ஆறடி தள்ளி நில்லுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள். செய்ய முடியாததைத் தினமும் காதில் போட்டால் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: வீட்டுக்குப் போனால் ஒரே நேரத்தில் பசி, கடன், அழுகை, சண்டை எல்லாம் இருக்கிறது. எதை முதலில் தொடுவது?

இந்த வரிசையில் போகலாம்: இன்றைக்கு உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, வீட்டில் அரிசி இருக்கிறதா, யாராவது தினசரி மாத்திரை சாப்பிடுகிறார்களா, இந்த வாரம் யார் கடன் கேட்டு வாசலில் நிற்கப்போகிறார்கள். மனசைப் பற்றிய பேச்சு இதற்குப் பிறகு.

அரிசி இல்லாத வீட்டில் உட்கார்ந்து "மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்" என்று சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது. பணம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஆறு வாரமாகத் தூங்காதவருக்கு ஆயிரம் ரூபாய் கையில் வந்தாலும் தூக்கம் வராமல் போகலாம். தொற்றின் முதல் ஆண்டில் உலகம் முழுக்க மனச்சோர்வும் பதற்றமும் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. வேலை போனவர்கள் எல்லாருக்கும் அது வருவதில்லை, ஒரு பகுதியினருக்குத்தான். அந்தப் பகுதியைப் பிரித்தறிய அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: "மனச்சோர்வு" என்று யாரும் சொல்வதில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்ல மாட்டார்கள். "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "கை கால் விட்டுப்போச்சு", "சோறு எறங்கல", "டென்ஷன்" என்பார்கள். ஆண்கள் பெரும்பாலும் "ஒண்ணுமில்ல" என்பார்கள், அல்லது கத்துவார்கள்.

இரண்டே கேள்வி போதும். கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமில்லாமல், பிடிப்பில்லாமல் எத்தனை நாள் இருந்தது? மனசு கனத்து, நம்பிக்கையே இல்லாமல் எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும், இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். நோய் என்று முடிவு கட்டும் எண் இல்லை இது, யாரை அனுப்பலாம் என்று காட்டும் எண்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: வீட்டார் எல்லாரும் இருக்கும்போது கேட்பது. மாமியார் எதிரில் மருமகள் 0 என்றுதான் சொல்வாள். தண்ணீர்க் குழாயடியிலோ ரேஷன் வரிசையிலோ கேட்டால் வேறு பதில் வரும். இன்னொரு பிழை, "வேலை இல்லையென்றால் யாருக்குத்தான் மனசு நன்றாக இருக்கும்" என்று தள்ளிவிடுவது. காரணம் தெரிந்த சோர்வுக்கும் சிகிச்சை வேலை செய்யும்.

கேள்வி: அரசு உதவி வந்ததே, அது போதவில்லையா?

கணக்குப் போடலாம். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் முழு ஊரடங்கு வந்தபோது இன்னொரு 1,000. வீட்டுப் பெண் பேரில் ஜன் தன் கணக்கு இருந்தால் மாதம் 500 வீதம் மூன்று மாதம். மொத்தம் 3,500. வியாசர்பாடி பக்கம் ஓர் அறைக்கு வாடகை மாதம் 4,000 என்று வைத்தாலும் அதே மூன்று மாதத்துக்கு 12,000. ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் அரிசி நவம்பர் வரை வந்தது. பசியை அது பெருமளவு தடுத்தது, அதில் சந்தேகமில்லை. ஒரு ரூபாய் இட்லி விற்ற அம்மா உணவகங்களும் ஊரடங்கின் சில வாரங்களில் இலவசமாகவே போட்டன. ஆனால் அரிசியைக் கொடுத்து வாடகை கட்ட முடியாது, தினத்தவணை கேட்டு வரும் தண்டல்காரரை அனுப்ப முடியாது. 2021இல் 2,000 வீதம் இரண்டு தவணை, ஜூனில் 14 மளிகைப் பொருள் என்று உதவி கொஞ்சம் தடித்தது.

விட்டுப்போனவர்கள் யார் என்பதுதான் களத்தில் முக்கியம். அட்டை பழைய முகவரியில் இருக்க, குடும்பம் பெரும்பாக்கத்துக்கு மாறிவிட்டவர்கள். புருஷனை விட்டுப் பிரிந்து வந்து, பேர் இன்னும் அவர் அட்டையில் இருக்கும் பெண்கள். அட்டையே இல்லாத வடமாநிலத் தொழிலாளர்கள். நல வாரியத்தில் பதிவைப் புதுப்பிக்காத கட்டடத் தொழிலாளர்கள். பதிவு உயிரோடு இருந்தவர்களுக்குத் தனியாக நிவாரணம் வந்தது. அட்டையை அடகு வைத்திருந்தால் கூச்சப்படாமல் இ-சேவை மையத்தில் நகல் அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ரேஷன் அட்டையை ஈடாகப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: தண்டல், குழு லோன், நகை அடகு மூன்றும் இருக்கிறது. வருகிற கொஞ்சப் பணத்தை எதற்குக் கட்டுவது?

முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: யாரிடம், வாங்கியது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது, கட்டாவிட்டால் என்ன போகும். பலர் இதை ஒருமுறைகூட எழுதிப் பார்த்ததில்லை. மொத்தத் தொகை மனசில் இருக்கும்வரை பூதமாக இருக்கும், தாளில் வந்ததும் எண்ணாகிவிடும். தூக்க மாத்திரையைவிட இந்தத் தாள் பலருக்கு வேலை செய்யும் என்றால் மிகையில்லை.

தண்டல் இப்படிப் போகும். பேச்சு 10,000. பிடித்தம் போகக் கையில் 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். 1,500தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். 35ஆம் நாள் ஊரடங்கு வந்தால் பாக்கி 6,500. பிறகு வருகிறவர் பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு "புதுசா 10,000 எழுதிக்கலாம்" என்பார். கையில் வருவது 2,000 மட்டும், தலையில் மறுபடி 10,000. இந்தப் புதுப்பிப்பில் கையெழுத்துப் போடவே கூடாது. பழைய நோட்டிலேயே தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி, தினம் 100க்குப் பதில் 30, 50 என்று பேசலாம். எல்லாருக்கும் வியாபாரம் படுத்த காலத்தில் தண்டல்காரரும் பேசத்தான் செய்வார். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் பேர் சொல்லியே தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே தெருவில் நாளை மறுபடி கடன் கேட்க வேண்டியவர்கள் போலீசுக்குப் போகத் தயங்குவார்கள். மிரட்டலோ கைவைப்போ நடந்தால் தயங்காமல் போகட்டும், மற்றபடி பேச்சுவார்த்தைதான் நடைமுறை.

குழு லோனில் பணத்தைவிட மானம்தான் பிரச்சினை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் அவள் வீட்டு வாசலில் உட்கார்வார்கள். அக்கம்பக்கம் பார்க்கும். குழுத் தலைவி முன்கூட்டியே ஒரு கூட்டம் போட்டு, யாருக்கு வருமானமே இல்லை, யாருக்குப் பாதி இருக்கிறது என்று எல்லார் எதிரிலும் ஒரே நாளில் பேசிவிட்டால் ஒருத்தி மேல் பழி விழாது. இந்தக் குழு லோன் கொடுக்கும் குறுங்கடன் நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு நச்சரிக்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார், பிறகு ரிசர்வ் வங்கியின் 14448.

நகை அடகு கடைசி. வட்டி ஒப்பீட்டளவில் குறைவு. மூழ்கும் தேதியை மட்டும் ரசீதில் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு முன் வட்டியை மட்டுமாவது கட்டி மாற்றி வைக்கலாம்.

கேள்வி: ஆறு மாதம் கடன் கட்ட வேண்டாம் என்றார்களே, பிறகு ஏன் கூடுதலாகக் கேட்டார்கள்?

2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ரிசர்வ் வங்கி அனுமதித்தது தவணைத் தள்ளிவைப்பு. தள்ளுபடி இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் பலர் ஏமாந்தார்கள். 30,000 ரூபாய் பாக்கி, 24 சதவீத வட்டி என்றால் ஆறு மாதச் சாதா வட்டியே 3,600. மாதா மாதம் வட்டிக்கு வட்டி ஏறினால் சுமார் 3,785. பின்னால் மத்திய அரசு திருப்பிக் கொடுத்தது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும், அதாவது சுமார் 185 ரூபாய். இனி எப்போது இப்படி அறிவித்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த மாசங்களுக்கு வட்டி ஓடுமா?"

கேள்வி: மதுக்கடை மூடியதும் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, ஏதேதோ உளறுகிறார். குடி நின்றால் நல்லதுதானே?

தினமும் அதிகம் குடிப்பவருக்குத் திடீரென்று நிற்பது ஆபத்து. சென்னையில் டாஸ்மாக் 2020 மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 18 வரை மூடியே இருந்தது, இந்தப் பிரச்சினை முதல் வாரத்திலேயே தெரிந்தது.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, காய்ச்சல். இந்தக் கடைசி நிலையில் உயிரே போகலாம். "பேய் பிடிச்சிருக்கு" என்று வீட்டில் அடைத்து வைக்கப்படுவதும் இந்த நிலையில்தான்.

வலிப்போ குழப்பமோ வந்த உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக் கொத்து, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் கூடாது. எத்தனை நிமிடம் வலிப்பு நீடித்தது என்று பார்த்து வையுங்கள். குழப்பத்தில் இருப்பவர் பக்கத்தில் விளக்கு எரியட்டும், பழகிய ஒரே ஆள் இருந்தால் போதும், பத்துப் பேர் கூடிக் கத்தினால் பயம் கூடும். மருத்துவமனையில் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும் என்பது மருத்துவருக்கு அப்போதுதான் தோன்றும். வார்னிஷ், தின்னர், சானிடைசர் எதையும் "கொஞ்சம் தாங்கட்டும்" என்று கொடுக்க விடாதீர்கள். அந்த ஊரடங்கில் தமிழ்நாட்டில் இதைக் குடித்தே செத்தவர்கள் உண்டு.

நடுக்கம் மட்டும் என்றாலும், முன்பு வலிப்பு வந்தவராக இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர் போக முடியவில்லை. சில நாள் நிறுத்தினால் என்ன?

நிறுத்தினால் பெரும்பாலும் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அதுதான் சிக்கல். "மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கான்" என்று நினைக்கும் நேரத்தில் தூக்கம் கெடும், பிறகு சந்தேகம், பேச்சு, அலைச்சல். குளோசபின் என்ற மனநல மருந்து சாப்பிடுபவர் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவில் தானாகத் தொடங்கக் கூடாது, மருத்துவர் குறைந்த அளவிலிருந்து ஏற்றுவார். லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுபவருக்கு வயிற்றுப்போக்கோ கடும் காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும், உடலில் நீர் வற்றினால் மருந்து நஞ்சாகும். அவருக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் தவறு.

செய்ய வேண்டியது: ஓ.பி. சீட்டையும் மாத்திரை அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ அதே மருந்து கிடைக்குமா என்று சீட்டோடு கேளுங்கள். மாத்திரை தீர பத்து நாள் இருக்கும்போதே கிளம்ப வேண்டும்.

கேள்வி: போன் ஆலோசனை எண் கொடுக்கிறோம், யாரும் பேசுவதில்லை. ஏன்?

எங்கே உட்கார்ந்து பேசுவது? ஒரே அறை, ஒரே போன், அதிலும் பையன் ஆன்லைன் கிளாஸில் இருப்பான். எண்ணைக் கொடுப்பதோடு இடத்தையும் நேரத்தையும் கொடுக்க வேண்டும். மூடிக் கிடக்கும் அங்கன்வாடி, மொட்டை மாடி, தேவாலய வராந்தா என்று ஓர் இடத்தில் தன்னார்வலர் போனோடு வாரம் இரண்டு பிற்பகல் உட்கார்ந்தால் ஆள் வரும். வீட்டுக்குத் திரும்பப் போன் செய்வதாக இருந்தால், யார் எடுத்தாலும் "குழுக் கணக்கு கேக்க பண்ணோம்" என்று சொல்ல முன்பே பேசி வையுங்கள். அடி வாங்கும் பெண்ணுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு.

எண்கள்: மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபர் முதல் 14416, தமிழில், 24 மணி நேரமும். அரசு உடல்நல உதவி 104. தற்கொலை எண்ணத்துக்குச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா, 044-24640050. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கேள்வி: "செத்துடலாம்னு இருக்கு" என்று ஒருவர் சொன்னால்?

நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் புது எண்ணம் முளைக்காது, பலருக்கு மூச்சு விட்டதுபோல இருக்கும். எப்படி, எப்போது என்று யோசித்திருந்தால் அன்றே மருத்துவமனை, அதுவரை தனியாக விடக் கூடாது. வீட்டில் இருக்கும் எலி மருந்து, மிச்ச மாத்திரைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். "புள்ளைங்கள நெனச்சுப் பாரு" என்ற அறிவுரை வேண்டாம், பிள்ளைகளுக்குச் சோறு போட முடியவில்லை என்பதுதான் பலருக்குக் காரணமே.

தற்கொலைக்கு முயன்ற ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் போலீஸ் பயம் வேண்டாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதற்குப் பயந்து வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதால் போகும் உயிர்கள்தான் கொடுமை.

கேள்வி: கொரோனாவில் இறந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வீட்டில் யாரும் தேறவில்லை.

தப்பு அடித்து, பூ போட்டு, தெருவே கூடி அனுப்பிப் பழகிய ஊர் இது. அது நடக்காதபோது சாவு முடிந்ததாகவே மனசு ஒப்புக்கொள்ளாது. பதினாறாம் நாளை விட்டிருந்தால் வருஷத் திதியிலாவது படம் வைத்து, தெருவைக் கூப்பிட்டு, சோறு போடச் சொல்லுங்கள். செலவைக் குழு ஏற்கலாம்.

பணம் சேர வேண்டியதும் இருந்தது. ஒரு சாவுக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. தொற்று உறுதியான 30 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்டவர் குடும்பத்துக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழக அரசு 5 லட்சம் வைப்பு, ஒருவரை இழந்தால் 3 லட்சம் என்று 2021இல் அறிவித்தது. தடுக்கியது சான்றிதழில்: பரிசோதனை முடிவுத் தாளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது.

கேள்வி: கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போகலாமா?

போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது. கட்டி வைப்பது குற்றம். 2001இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகியவர்கள் 28 பேர்.

கேள்வி: அடுத்த முறை ஊரடங்கு வருவதற்குள் தெருவில் என்ன செய்து வைக்கலாம்?

ஒரு தன்னார்வலருக்கு 40 வீடு, ஒரு நாற்பது பக்க நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம்: அட்டை எந்த முகவரியில் இருக்கிறது, நல வாரியப் பதிவு எப்போது முடிகிறது, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், தினமும் குடிப்பவர் உண்டா, கடன் தாள் எழுதியாயிற்றா. மாத்திரையும் குடியும் இருக்கும் பக்கத்தின் ஓரத்தை மடித்து வையுங்கள், ஊரடங்கு அறிவித்த அன்றே போக வேண்டிய வீடுகள் அவை. நோட்டு தன்னார்வலர் வீட்டில் பூட்டில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டோ எடுத்துப் போட்டால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.